தோற்றுத் தோற்று ஒருநாள் ஜெயித்தால்... உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது?

"டாக்டர், இனிமேல் இவர் அந்தப் பாழாய்ப்போன விளையாட்டைப் பார்க்கவே கூடாதுன்னு நீங்களே ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடுங்க. நான் சொன்னா கேட்கமாட்டேங்கறார்!"

2024-ம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு காலையில் என் வைத்தியசாலைக்கு வந்த அம்மா, உட்காரும்போதே சொன்ன முதல் வார்த்தை இது. பக்கத்தில் கணவர். வயது 68. பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாலு வருஷத்துக்கு முன்னால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். கால் மூட்டு வலிக்காக என்னிடம் பல வருஷமாக வருகிறவர்கள்தான்.

மகன் இருப்பது அமெரிக்காவில், சிகாகோவில். தம்பதிகள் அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அங்கே பத்து வயதுப் பேரன் தாத்தாவுக்கு பேஸ்பால் கற்றுக்கொடுத்திருக்கிறான். சிகாகோவில் இரண்டு டீம்கள். வடக்கே 'கப்ஸ்'. தெற்கே 'வொய்ட் சாக்ஸ்'. பேரன் வொய்ட் சாக்ஸ் ரசிகன். தாத்தா வேறு எந்தக் கட்சியில் சேருவார்?

அங்கேதான் வந்தது வினை. அந்த வருஷம் வொய்ட் சாக்ஸ் தோற்றது போல யாரும் தோற்றதில்லை. முதல் 25 ஆட்டத்தில் ஜெயித்தது மூன்றே மூன்று. மே கடைசியில் ஆரம்பித்து வரிசையாக 14 தோல்வி. ஜூலை 10-ம் தேதி தொடங்கி ஆகஸ்ட் 5-ம் தேதி வரை வரிசையாக 21 தோல்வி! தாத்தாவும் பேரனும் சோபாவில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார்கள். தாத்தாவுக்குத் தூக்கம் குறைந்தது, மலச்சிக்கல் வந்தது, பிரஷர் ஏறியது.

ஆகஸ்ட் 6-ம் தேதி, மேற்குக் கரையிலுள்ள ஓக்லண்டில் ஆட்டம். அங்கேயும் சிகாகோவுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம் என்பதால், முடியும்போது சிகாகோவில் இரவு பதினொரு மணி வாக்கில் ஆகிவிட்டது. வொய்ட் சாக்ஸ் 5–1 என்று ஜெயித்தது. பேரன் சோபாமேல் ஏறிக் குதிக்கிறான். தாத்தா? விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். மருமகள் நெஞ்சுவலியோ என்று பயந்து ஆம்புலன்ஸை அழைக்க போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"பத்து டாலர் பெறாத விளையாட்டுக்கு இப்படி அழுவாங்களா டாக்டர்? ஸ்டென்ட் வைச்ச உடம்பு!" என்றார் அந்த அம்மா.

பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "பார்க்காதேன்னா பார்க்கலை சார். ஆனா பேரன்கிட்ட என்ன சொல்றது? தோத்தப்போ எல்லாம் கூட உட்கார்ந்திருந்துட்டு, இப்போ தாத்தா வரமாட்டேன்னுட்டான்னு அவன் நினைச்சுக்க மாட்டானா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. நாடியைப் பார்த்தேன். பிறகு கொஞ்சம் படித்தும் பார்த்தேன். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் கிரிக்கெட்டோ, கால்பந்தோ பார்த்து அழுகிற, ஆடுகிற ஒரு பெரியவர் இருக்கலாம் இல்லையா?

பேஸ்பால் ரசிகனின் தலையெழுத்து

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பேஸ்பால், வாரம் ஒரு மேட்ச் விளையாடுகிற ஆட்டமல்ல. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு டீமும் 162 ஆட்டம் ஆடியாக வேண்டும். அதாவது, அநேகமாக தினமும் ஒரு ஆட்டம். மிக நல்ல டீம்கூட வருஷத்தில் ஐம்பது அறுபது ஆட்டம் தோற்கும். மட்டமான டீமும் நாற்பது ஐம்பது ஜெயிக்கும். ஆகவே அந்த ஊர் ரசிகர்களுக்குத் தோல்வி என்பது சாப்பாட்டில் உப்பு மாதிரி. கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் உப்பையே சாதமாகப் பிசைந்து தின்னச் சொன்னால்?

அப்படி ஒரு நிலைமை 1988-ல் பால்டிமோர் ஊருக்கு வந்தது. அந்த ஊர் டீமின் பெயர் 'ஓரியோல்ஸ்'. ஏப்ரல் 4-ம் தேதி சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் 12–0 என்று தோற்றார்கள். ஆறு ஆட்டம் தோற்றதும் மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவருடைய இரண்டு மகன்களும் அதே டீமில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா போன பிறகும் பிள்ளைகள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடத்தான் வேண்டியிருந்தது. புது மேனேஜராக ஃப்ராங்க் ராபின்சன் வந்தார். அப்போதும் விடியவில்லை.

அந்த ஊர் ரேடியோ அறிவிப்பாளர் பாப் ரிவர்ஸ், "இவர்கள் ஒரு ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும் நான் மைக்கை விட்டு நகரமாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டார். ஏதோ ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார் பாவம். 258 மணி நேரம் ஆகிவிட்டது! பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் குட்டித் தூக்கம் போட்டுச் சமாளித்தார்.

தொடக்கத்திலிருந்தே வரிசையாக 21 தோல்வி. இன்று வரை அந்த விளையாட்டில் அது மாறாத ரெகார்ட். ஏப்ரல் 29-ம் தேதி சிகாகோவில், இதே வொய்ட் சாக்ஸை 9–0 என்று அடித்து முதல் வெற்றியை எடுத்தார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்கள் திரும்பவும் தோல்வி. ஒரு வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு ஊருக்குத் திரும்பினார்கள்.

மே 2-ம் தேதி இரவு. இந்த லட்சணத்தில் ஆடுகிற டீமைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? நீங்களே சொல்லுங்கள். ஐயாயிரம்? பத்தாயிரம்?

வந்தவர்கள் 50,402 பேர்! மைதானம் நிரம்பி வழிந்தது. திட்ட வரவில்லை, தட்டிக்கொடுக்க வந்தார்கள். அன்றைக்கு டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் டீமை ஓரியோல்ஸ் 9–4 என்று ஜெயித்தது. அந்த வருஷ முடிவில் அவர்கள் கணக்கில் இருந்தது 54 வெற்றி, 107 தோல்வி. கோப்பையும் இல்லை, கீரிடமும் இல்லை. ஆனாலும் பால்டிமோரில் பழைய ரசிகர்கள் அந்த இரவைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறார்கள்.

ஏன் இப்படி? ஜெயிக்கிற டீமின் நூறாவது வெற்றியைவிட, தோற்கிற டீமின் ஒரு வெற்றி ஏன் இத்தனை இனிக்கிறது? இதற்குக் காரணம் மனசில் மட்டுமல்ல, மூளையிலும் ரத்தத்திலும் இருக்கிறது.

எதிர்பாராத சொட்டு

நம் மூளையில் 'டோபமின்' என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார். குரங்குக்கு எதிர்பாராத நேரத்தில் ஒரு சொட்டு பழரசம் கொடுத்தால் இந்த நரம்பணுக்கள் படபடவென்று துடிக்கின்றன. 'விளக்கு எரிந்தால் பழரசம் வரும்' என்று குரங்குக்குப் பழகிவிட்டால், ரசம் வரும்போது அந்தத் துடிப்பு இல்லை. விளக்கு எரிந்தும் ரசம் வராமல் போனால் இருந்த துடிப்பும் அடங்கிப்போகிறது.

இதன் அர்த்தம் என்ன? மூளை அளப்பது கிடைத்ததை மட்டுமல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவில் உள்ள தூரத்தையும் அளக்கிறது. தினமும் விருந்து சாப்பிடுகிறவனுக்குப் பாயசம் சாதாரணம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து, வாய் கசந்து, முதன்முதலாக ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் சாப்பிடுகிறவனைக் கேட்டுப் பாருங்கள், அமிர்தம் என்பான்! 21 தோல்விக்குப் பிறகு வந்த 5–1 வெற்றியும் அந்த ரசம் சாதம்தான்.

'நாங்கள்' ஜெயித்தோம், 'அவர்கள்' தோற்றார்கள்!

ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 1976-ல் வெளியிட்ட ஆராய்ச்சி சுவாரஸ்யமானது. ஏழு பல்கலைக்கழகங்களில், தங்கள் கல்லூரி கால்பந்து டீம் ஜெயித்தால் அடுத்துவரும் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை நிறைய மாணவர்கள் அணிந்து வந்தார்கள். தோற்றால் அந்தச் சட்டைகள் குறைந்துவிட்டன. பேச்சிலும் அப்படித்தான். ஜெயித்தால் "நாம ஜெயிச்சோம்". தோற்றால் "அவனுங்க தோத்துட்டானுங்க". நம் ஊர் கிரிக்கெட் ரசிகர்களை நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்திலும் மாறுதல் உண்டு. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தை டி.வி.யில் பார்த்த ஆண் ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். ஜெயித்த பிரேசில் ரசிகர்களுக்கு 'டெஸ்டோஸ்டிரோன்' ஹார்மோன் ஏறியிருந்தது. தோற்ற இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. அவர்கள் யாரும் பந்தைத் தொடவில்லை. உட்கார்ந்து பார்த்ததற்கே இந்த மாறுதல்!

அப்படியானால் தோற்கிற டீமை விட்டு எல்லோரும் ஓடிவிட வேண்டும் அல்லவா? ஆனால் பால்டிமோரின் ஐம்பதாயிரம் பேர் ஓடவில்லை. தோற்றபோதும் "நாம தோத்துட்டோம்" என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். அப்படிச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான், ஜெயிக்கும்போது "நாம ஜெயிச்சோம்" என்பது முழு ருசியோடு கிடைக்கிறது. நம் பெரியவர் விஷயமும் இதுதான். அவர் அழுதது டீமுக்காக மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் கப்ஸ் ரசிகப் பையன்களிடம் தினமும் கேலி வாங்கிக்கொண்டு வந்த பேரனுக்காகவும்தான்.

அழுகையை அடக்கலாமா?

பேஸ்பாலைப் பற்றி எந்தச் சித்தரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அழுகையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில், அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று கல்லூரியில் எங்களுக்கு முதலிலேயே பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் போன்றவற்றோடு கண்ணீரும் அந்தப் பதினான்கில் ஒன்று. கண்ணீரை அடக்கினால் பீனிசம், கண் நோய் முதலானவை வரும் என்பது நூல்களின் கருத்து. நவீன ஆராய்ச்சியாளர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ, அது வேறு விஷயம். ஆனால் வந்த அழுகையை அழுது முடித்தவன் முகம் தெளிவதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

2016-ல் சிகாகோ கப்ஸ் டீம் 108 வருஷம் கழித்துக் கோப்பையை ஜெயித்தபோது, ரசிகர்கள் அவர்களுடைய ரிக்லி மைதானத்துச் சுவரில் சாக்பீஸால் பெயர் பெயராக எழுதி வைத்தார்கள். யாருடைய பெயர்கள் தெரியுமா? இந்த வெற்றியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பாக்கள், அம்மாக்கள், தாத்தா பாட்டிகளின் பெயர்கள். எழுதிவிட்டு அங்கேயே நின்று அழுதவர்கள் பலர். இதை நோய் என்பீர்களா?

ஆகவே அந்த அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, அவர் அழுதது நோயில்லை. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் தூங்காம இருந்தாரே, அதுதான் நோய்."

கவலையும் விழிப்பும் நீடித்தால் வாதம் கெடும். தூக்கம் கெடுதல், மலக்கட்டு, உடல்வலி எல்லாம் அதன் வேலை. கோபம் நீடித்தால் பித்தம் மிஞ்சும். நெஞ்செரிச்சல், தலைச்சுற்றல், எரிந்து விழுதல் என்று அது வேறு வழியில் வேலையைக் காட்டும்.

எச்சரிக்கை மணி

அதற்காக, "டாக்டரே சொல்லிவிட்டார், எவ்வளவு வேண்டுமானாலும் டென்ஷன் ஆகலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். 2006 உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது, முனிச் நகரப் பகுதியில் இதயக் கோளாறோடு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை மற்ற நாட்களைப் போல் 2.66 மடங்கு! ஆட்டம் தொடங்கி முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1998-ல் பிரான்ஸ் உலகக் கோப்பையை ஜெயித்த நாளில், அந்த நாட்டு ஆண்களில் மாரடைப்பால் இறந்தவர்கள் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தார்கள் என்று ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. வெற்றிதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் டென்ஷனும் சந்தோஷமும் இதயத்தைத் தொடாமல் போவதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கோபமும் இருக்கலாம், சந்தோஷமும் இருக்கலாம்

2024 செப்டம்பரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 22-ம் தேதி வொய்ட் சாக்ஸின் தோல்விக் கணக்கு 120-ஐத் தொட்டு, 1962-ல் நியூயார்க் 'மெட்ஸ்' டீமின் பழைய ரெகார்டுக்குச் சமமானது. 24-ம் தேதி சொந்த மைதானத்தில் ஆட்டம். இன்னும் ஒன்று தோற்றால் புது ரெகார்ட். கூட்டம் டீம் முதலாளியைப் பார்த்து, "டீமை வித்துடு! டீமை வித்துடு!" என்று கோஷம் போட்டது. அன்றைக்குப் பார்த்து டீம் எட்டாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து 3–2 என்று ஜெயித்துவிட்டது! அடுத்த இரண்டு நாளும் வெற்றி. 27-ம் தேதி டெட்ராய்ட்டில் 121-வது தோல்வி வந்தேவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் கடைசி இரண்டு ஆட்டத்தை ஜெயித்து, 41 வெற்றி, 121 தோல்வி என்று வருஷத்தை முடித்தார்கள்.

நம் பெரியவரும் பேரனும் 24-ம் தேதி மைதானத்தில் இருந்தார்கள். "திட்டறதா கைதட்டறதான்னே தெரியலை சார். ரெண்டையும் செஞ்சோம்" என்றார். சரியாகத்தான் செய்திருக்கிறார். நிர்வாகத்தின் மேல் நியாயமான கோபத்தை வைத்துக்கொண்டே, ஆடுகிற பிள்ளைகளின் ஒரு வெற்றிக்கு மனசார சந்தோஷப்படலாம். கோபத்துக்காக சந்தோஷத்தைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் பித்தம் தலைக்கேறுகிறது. குடும்பத்திலும் இது பொருந்தும், யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வீடு சில யோசனைகள்

* மேட்ச் நாளென்று பிரஷர், சர்க்கரை, இதய மாத்திரைகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. எங்கள் சித்த மருந்து எதையாவது கூடச் சாப்பிடுவதாக இருந்தால், இரண்டு டாக்டர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

* ராத்திரி நெடுநேரம் நடக்கிற ஆட்டத்தை எல்லா நாளும் பார்க்காதீர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு போதும். மற்றதைக் காலையில் ஸ்கோர் பார்த்துத் தெரிந்துகொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

* பேஸ்பால் மைதானங்களில் ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று, கை காலை நீட்டி, சேர்ந்து பாட்டுப் பாடுவார்கள். என்ன அருமையான பழக்கம்! நீங்களும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கூடத்தில் நாலு நடை நடங்கள்.

* ஹாட் டாக், சிப்ஸ், பீர் எல்லாம் உப்பும் கொழுப்பும் போதையும்தான். வேர்க்கடலை அந்த மைதானங்களின் பழைய தீனி. உப்புப் போடாத வறுத்த கடலை ஒரு கைப்பிடி போதும். ஆட்டம் முடிந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கலாம்.

* தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். துணை இருந்தால் துக்கம் பாதியாகும், சந்தோஷம் இரண்டு மடங்காகும். உடம்புக்கு ஏதாவது என்றாலும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்.

* நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு முட்டல் இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இங்கே 108, அமெரிக்காவில் 911. 'வாயுவாக இருக்கும், கஷாயம் வைத்துத் தரட்டுமா' என்று யோசிக்கிற நேரமல்ல அது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

* டீம் தோற்று இரண்டு வாரமாகியும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் காரணம் டீம் அல்ல. உள்ளே வேறு ஏதோ கவலை இருக்கிறது. தயங்காமல் டாக்டரைப் பாருங்கள்.

பெரியவருக்கு என்ன சீட்டு?

அந்த அம்மா கேட்ட சீட்டை நான் எழுதித்தான் கொடுத்தேன். ஆனால் அதில் 'பார்க்கக் கூடாது' என்று இல்லை. 'பேரனோடு மட்டும் பார்க்கவும். பத்து மணிக்குப் படுக்கவும். அழுகை வந்தால் அழவும்' என்று எழுதினேன். இதய டாக்டரையும் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவரும் பரிசோதித்துவிட்டு, கிட்டத்தட்ட அதையே சொல்லியனுப்பினார்.

2025-ல் திரும்பவும் சிகாகோ போனார்கள். அந்த வருஷம் மே மாதம் புது போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, சிகாகோக்காரர். அவரும் வொய்ட் சாக்ஸ் ரசிகர்! "இனிமே நம்ம டீமுக்குத் தோல்வியே இல்லை தாத்தா" என்றானாம் பேரன். அப்படியெல்லாம் அதிசயம் நடந்துவிடவில்லை. 60 வெற்றி, 102 தோல்வி. ஆனால் முந்தின வருஷத்தைவிட 19 வெற்றி அதிகம்.

திரும்பி வந்ததும் பெரியவர் என்னிடம் வந்தார். பிரஷர் கட்டுக்குள் இருந்தது. மலச்சிக்கல் இல்லை. "தூக்கம் எப்படி?" என்று கேட்டேன்.

"பத்து மணிக்குப் படுத்துடறேன் சார். ராத்திரி லேட்டாகற மேட்சுன்னா, காலையில பேரன் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி என் கட்டில்கிட்ட வந்து ஸ்கோர் சொல்லுவான். தோத்திருந்தா, 'நாம தோத்துட்டோம் தாத்தா'ன்னுதான் சொல்லுவான்" என்றார்.

நாடியும் நன்றாகவே பேசியது. மூட்டு வலிக்கு மட்டும் தைலம் கொடுத்து அனுப்பினேன்.